பிளாவில் ஊற்றித் தந்த கூழ்

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள நெடுந்தீவைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அதன் பெருக்கமரத்தையும் (பாவோபாப் மரம்) குதிரைகளையும் பற்றி அழகாக எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தத் தீவில் பிறந்தவள். அங்குள்ள சனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

28 வருடத்துக்குப் பிறகு போன வருடம்தான் போனேன். புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் படகேறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடல். இறங்குதுறையில் ஒரு முதியவர் என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீ ஆற்ரை (யாருடைய) பிள்ளை?" என்று கேட்டார். அம்மாவின் பேரைச் சொன்னதும் என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார்.

எங்கள் வீடு இப்போது இல்லை, முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) மதில் மட்டும் நிற்கிறது. பக்கத்து வீட்டு மாமி பனையோலையை மடித்து, பிளா என்கிற குடிக்கும் கிண்ணம் கோலி, அதில் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாக் கூழ் ஊற்றித் தந்தா. நண்டு, திருக்கை, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்ட கூழ். மூன்று பிளா குடித்தேன். நல்ல தண்ணீருக்குக் கஷ்டப்படுகிற ஊர் அது. அப்படியிருந்தும் நான் முகம் கழுவ ஒரு வாளி நிறைய நல்ல தண்ணீர் அள்ளி வைத்திருந்தா. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

வெளிக்கிடும்போது கைநிறையப் புழுக்கொடியலை (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) தந்து, "அடுத்தமுறை பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வா" என்றா. வாற ஆவணியில் கூட்டிக்கொண்டு போகிறேன்.