முதல் வருஷ மருத்துவ மாணவர்களே, புத்தகத்தை மூடுங்கள்!

முதல் வருஷத்தில் திணறுகிற தம்பி தங்கைகளில் பலர் படிக்காதவர்கள் இல்லை. ஒரே பக்கத்தை மூன்று முறை வாசித்து, மஞ்சள் மார்க்கரால் முழுக்கக் கோடு போட்டுவிட்டு, வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வாயடைத்து நிற்பவர்கள். பக்கம் கண்ணுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனையில், படித்த 5 நிமிடத்தில் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. நாம் ஏமாறுவது அந்த முதல் 5 நிமிடத்தில்.

கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸை வெள்ளைத் தாளில் பார்க்காமல் வரையுங்கள். கழுத்துத் தண்டுவட நரம்பு சி5 முதல் மார்பின் டி1 வரை 5 வேர், 3 டிரங்க், 6 டிவிஷன், 3 கார்டு, 5 முடிவுக் கிளை. கை எங்கே நிற்கிறதோ அதை மட்டும் புத்தகத்தில் பார்த்துவிட்டு, புதுத் தாளில் முதலிலிருந்து தொடங்குங்கள். அன்றிரவு ஒருமுறை, மூன்றாம் நாள், ஏழாம் நாள். போஸ்டீரியர் கார்டில் தடுமாறினால், மூன்று டிரங்குகளின் பின்பிரிவுகளும் சேர்ந்ததுதான் அது என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

எலும்பைப் படத்தில் படிக்காதீர்கள், கையில் எடுங்கள். மேற்கை எலும்பான ஹியூமரஸின் உருண்டைத் தலை மேலே, உடம்பைப் பார்த்தபடி. கீழ்முனையின் ஆழமான ஓலெக்ரனான் குழி பின்னால். இப்படிப் பிடித்தால் வலதா இடதா என்பது தானே தெரியும். தலைக்குக் கீழே குறுகும் சர்ஜிக்கல் நெக்கில் விரலை வைத்து ஆக்ஸிலரி நரம்பு என்று சொல்லுங்கள். நடுவே பின்புறப் பள்ளத்தில் ரேடியல். முழங்கையின் உட்புறப் புடைப்பான மீடியல் எபிகாண்டைலுக்குப் பின்னால் அல்னர். முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீரென்று ஓடுமே, அந்த நரம்பு.

டிசெக்‌ஷனுக்கு (சடலத்தை அறுத்துப் படிக்கும் வகுப்பு) வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மயக்கம் வருவது பயத்தால் மட்டும் அல்ல. பட்டினியும் ஆடாமல் அசையாமல் நிற்பதும் சேர்ந்தே ஆளைச் சாய்க்கும். கண் இருட்டினால் வெட்கப்படாமல் உட்காருங்கள். ஃபார்மலின் ஆவி கண்ணை எரிக்கும் என்பதால் காண்டாக்ட் லென்ஸ் வேண்டாம். கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். கத்திப்பிடியில் பிளேடை ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியால் பிடித்து மாட்டுங்கள், விரலால் அல்ல. முதல் வெட்டு ஆழமாகப் போனால் தோலுக்கடியில் ஓடும் மெல்லிய நரம்புகள் தோலோடு போய்விடும்; அதன்பின் அந்த டேபிளில் யாருக்கும் அவற்றைப் பார்க்கக் கிடைக்காது.

பயோகெமிஸ்ட்ரிக்கும் அதே வெள்ளைத் தாள்தான்.

பாடம் சேர்ந்துபோனால் பழையதைத் துரத்தாதீர்கள். இன்று நடத்தியதை இன்றே முடியுங்கள், பாக்கிக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். தூக்கத்திலிருந்து கடன் வாங்க வேண்டாம்.