சக்கரம் தொட்டதும் வேகத்தைக் குறைப்பதில்லை
விமானந்தாங்கிக் கப்பலில் ஜெட் இறங்குவது பற்றிய கட்டுரையில், விமானத்தின் வால் கொக்கி எப்படியும் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டிவிடும், அதனால் தளத்தைத் தொடும்போதே விமானி இயந்திரத்தை அடக்கிவிடுவார் என்று இருப்பது சரியல்ல. ஜெட் விமானி சக்கரம் தொட்ட உடனே முழு விசை கொடுப்பார். கொக்கி தவறினால் மிச்சத் தளத்தில் மறுபடி மேலெழ வேண்டுமே! கம்பியும் விறைத்து நின்று விமானத்தை நிறுத்துவதில்லை. மட்டக்களப்புக் கல்லடியில் தங்கூசியில் (நைலான் தூண்டில் நூலில்) பெரிய பாரை மீன் பட்டால் வெடுக்கென்று இழுக்க மாட்டார்கள், அறுந்துவிடும். விரலிடுக்கில் அழுத்தி அழுத்தித்தான் விட்டுக்கொடுப்பார்கள். அமெரிக்காவின் நிமிட்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பல்களில் தளத்துக்குக் கீழுள்ள ஹைட்ராலிக் இயந்திரம் செய்வதும் அதுதான், அதுவும் இரண்டு மூன்று வினாடிக்குள். அப்புறம், 1942 ஏப்ரல் 9இல் நம் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் ஏன் விமானங்களை எழுப்பவில்லை என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். அதன் விமானங்கள் அன்று கப்பலிலேயே இல்லை, திருகோணமலையில் தரையில் நின்றன.