அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள், அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்

ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்காக எங்களை இரண்டு நாள் அலையவிட்டதைச் செவ்வாய்க்கிழமை எழுதியிருந்தேன். அதைப் படித்த பலரும் முதலமைச்சர் காப்பீட்டுக் கவுண்டரில் இருந்த பெண்ணைத்தான் திட்டுகிறார்கள். வேண்டாம். என் கோபம் அவர் மேல் இல்லை.

பெரியப்பாவுக்கு 74 வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிறார். முதலமைச்சர் காப்பீட்டுக் கவுண்டரில், "உங்க பையனுக்கு இஎஸ்ஐ இருக்கா? அப்ப அங்கதான் போகணும்" என்றார்கள். தொழிலாளர்களுக்கான காப்பீடான அந்த இஎஸ்ஐ-யில், "பையன் அப்பா பேரைச் சேர்க்கவே இல்லையே, முதலமைச்சர் காப்பீட்டிலயே பாருங்க" என்றார்கள். இரண்டு நாள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எல்லாம் திணித்த பையோடு அண்ணன் இங்கும் அங்கும் ஓடினான்.

அந்தப் பெண்ணின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரே ஒரு தாள்: அவருடைய திட்டத்தில் வரும் சிகிச்சைகளின் பட்டியல். வேறு திட்டங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. "கம்ப்யூட்டர்ல என்ட்ரி போட மட்டும்தான் சார் சொல்லிக்கொடுத்தாங்க" என்றார்.

முதலமைச்சர் காப்பீடும் மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத்தும் இங்கே 2018-லேயே இணைந்துவிட்டன. 2024 அக்டோபரில் மத்திய அரசு, 70 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் ரூபாய் காப்பீடு என்றது. இஎஸ்ஐ-யில் இருப்பவர்களும் சேரலாம், மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஹெச்எஸ் போன்ற மத்திய அரசு மருத்துவத் திட்டங்களில் இருப்பவர்கள் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே இருந்தது. பெரியப்பாவுக்கு அது கிடைக்குமா என்று கேட்டேன். மூன்று பேர், மூன்று பதில். திட்டங்களை இணைத்தவர்கள், கவுண்டரில் உட்காருபவருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டாமா?

"பல மாநிலங்களைவிட நாம் எவ்வளவோ மேல்" என்பீர்கள். உண்மைதான். எங்கள் தெருவிலேயே இந்தக் காப்பீட்டால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. "எல்லாம் இணையதளத்தில் இருக்கிறதே" என்பவர்களுக்கு மட்டும் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. வலியில் முனகுகிறவர் பக்கத்தில் நின்று பாருங்கள், அப்புறம் பேசலாம்.

இரண்டாம் நாள் ராத்திரி பெரியப்பா, "விட்டுடுங்கப்பா, நான் இப்படியே இருந்துக்கிறேன்" என்றார். நாற்பது வருஷம் தறி ஓட்டிய மனிதர். யாரிடமும் ஐந்து ரூபாய் கைமாற்று வாங்காதவர். அவரை அப்படிச் சொல்ல வைத்துவிட்டோமே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. அண்ணியின் வளையல் அடகுக் கடையில் இருக்கிறது. நேற்று அந்தக் கவுண்டர் பக்கம் போனபோது அந்தப் பெண்ணே எழுந்து வந்தார். "சார், அந்த எழுபது வயசுத் திட்டம் பத்தி ஏதாவது தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க. தினமும் கேக்குறாங்க."