இழுத்துக்கிட்டு இருப்பது மூச்சு இல்லை

"மூச்சு இருக்கு, இழுத்துக்கிட்டு இருக்கு." வீட்டில் ஒருவர் திடீரென்று சரிந்து விழுந்ததும் சுற்றி நிற்பவர்கள் சொல்வது இதுதான். கேட்டதும் எல்லோருக்கும் கொஞ்சம் தெம்பு வருகிறது. ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார். இன்னொருவர் உள்ளங்காலைத் தேய்க்கிறார். பெரியவர் யாராவது ஒரு வாய் தண்ணீரோ பாலோ விடச் சொல்கிறார். அந்த நாலைந்து நிமிடத்தில்தான் மூளை சாக ஆரம்பிக்கிறது.

அந்த இழுப்பு மூச்சு இல்லை. இதயம் நின்ற பிறகு மூளையின் அடிப்பகுதியிலிருந்து வருகிற கடைசி அனிச்சை அசைவு. கரையில் போட்ட மீன் மாதிரி வாய் திறந்து மூடும். தாடை மட்டும் அசையும். குறட்டை போல ஒரு சத்தம் வரும், அப்புறம் நீண்ட இடைவெளி, மறுபடி ஒன்று. நெஞ்சு சீராக ஏறி இறங்காது. சிலருக்கு இதயம் நின்ற முதல் சில நொடிகளில் கை கால் வெட்டி இழுக்கும். உடனே "வலிப்பு" என்று சாவிக்கொத்தைத் தேடி எடுத்து வந்து கையில் திணிப்பார்கள். சாவிக்கொத்து வலிப்புக்கே உதவாது. இங்கே அது பொன்னான நேரத்தையும் தின்றுவிடுகிறது.

சாதாரண மக்கள் எல்லோரும் சி.பி.ஆர்., அதாவது நின்றுபோன இதயத்துக்குப் பதிலாக நெஞ்சை அமுக்கி ரத்தத்தை ஓடவைக்கும் முதலுதவியைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு முதல் காரணம் இந்தக் குழப்பம்தான். அமுக்கத் தெரியாததால் போகிற உயிர் ஒரு பக்கம். இதயம் நின்றுவிட்டது என்பதே தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றதால் போகிற உயிர் இன்னொரு பக்கம்.

மருத்துவமனைக்கு வெளியே நிற்கும் இதயங்களில் பெரும்பாலானவை வீட்டில்தான் நிற்கின்றன. அதாவது உங்கள் கை அமுக்கப்போவது அநேகமாக உங்கள் அப்பாவின் நெஞ்சையோ மனைவியின் நெஞ்சையோ. யாரும் எதுவும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. 108-க்கு அழைத்தால் வருவார்கள். ஆனால் எவ்வளவு வேகமாக வந்தாலும் தெரு திரும்பி, மாடி ஏறி ஆளிடம் வந்து சேர நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க வீட்டில் இருப்பவர்கள் பொறுப்பு.

மாரடைப்பு வேறு, இதயம் நிற்பது வேறு. நெஞ்சு வலிக்கிறது என்று பேசிக்கொண்டிருப்பவரை அமுக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டும் அசைவில்லை, பத்து நொடிக்குள் பார்த்தால் சீரான மூச்சும் இல்லை என்றால் மட்டும் ஆரம்பியுங்கள். நாடி பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பதற்றத்தில் உங்கள் விரலில் துடிப்பதே அவருடைய நாடி மாதிரி தெரியும். போனை ஸ்பீக்கரில் போட்டு 108-ஐ அழைத்துவிட்டுக் கையை வையுங்கள். மின்சாரம் தாக்கி விழுந்தவர் என்றால், தொடுவதற்கு முன் மெயினை அணைக்க வேண்டும்.

கட்டிலிலிருந்து தரைக்கு இறக்குங்கள். மெத்தையிலோ கயிற்றுக் கட்டிலிலோ அமுக்கினால் அமுங்குவது மெத்தைதான், நெஞ்சு இல்லை. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போகும்போதும் அதே கதைதான். தூக்கிக்கொண்டு ஓடுவது நமக்குப் பாசமாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஓட்டத்தில் ரத்தம் ஓடுவதில்லை.

இடம் நெஞ்சின் நடு. இதயம் இடது பக்கம் என்று நினைத்து இடது மார்பில் அமுக்குகிறார்கள், அது தவறு. நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில், மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கை மேட்டை வைத்து, அதன் மேல் இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. உங்கள் தோள் அவர் நெஞ்சுக்கு நேர் மேலே வர வேண்டும். கை பலத்தால் அமுக்கினால் அரை நிமிடத்தில் ஓய்ந்துவிடுவீர்கள், உடம்பின் எடையைத்தான் இறக்க வேண்டும். ஆழம் பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. சுவர்க் கடிகாரத்தில் பத்து நொடிக்கு 17 முதல் 20 அமுக்கு.

மக்கள் கோட்டைவிடுவது ஆழத்தில் மட்டும் இல்லை, கையை எடுப்பதிலும்தான். ஒவ்வொரு அமுக்குக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப வேண்டும். எழும்பும்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் திரும்ப வந்து நிரம்புகிறது. மேலே சாய்ந்தபடியே அமுக்கினால் காலிக் குடத்தைக் கவிழ்ப்பது மாதிரி, உள்ளே இருந்தால்தானே வெளியே வரும். நடுவில் நிறுத்திப் பார்ப்பதும் அதே அளவு கெடுதல். சில அமுக்குகள் சேர்ந்துதான் இதயத் தசைக்கு ரத்தம் போகிற அழுத்தம் ஏறுகிறது, நிறுத்தினதும் சட்டென்று விழுந்துவிடுகிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுங்கள். களைப்பு தெரியாவிட்டாலும் மாறுங்கள், ஏனென்றால் ஆழம் குறைவது அமுக்குபவருக்குத் தெரியாது.

விலா எலும்பு முறியலாம். வயதானவர்களுக்கு அடிக்கடி முறியும், 'நறுக்' என்று கையில் தெரியும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். கை இருக்கும் இடம் சரியா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். எலும்பு கூடிவிடும்.

பெண்கள் விழுந்தால் தொடத் தயங்குகிறார்கள். பொது இடங்களில் பெண்களுக்கு சி.பி.ஆர். கிடைப்பது ஆண்களை விடக் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. புடவைக்கு மேலேயே அமுக்கலாம். தாலிச் சங்கிலியை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டால் போதும்.

வாயோடு வாய் வைத்து ஊதத் தயக்கமாக இருந்தால் அமுக்குவது மட்டும் போதும். திடீரென்று விழுந்த பெரியவர்களுக்கு, பயிற்சி இல்லாதவர்கள் செய்ய வேண்டியது அதுதான் என்று இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017-லேயே வழிமுறை வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் கிணற்றிலோ ஏரியிலோ மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் நிற்பது மூச்சுதான், எனவே ஊதியே ஆக வேண்டும். மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் வேண்டாம். வெளியே வருவது வயிற்றுத் தண்ணீர், அது நுரையீரலுக்குள் போய்விடும்.

இதெல்லாம் நம் ஊரில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு டென்மார்க்கைச் சொல்வேன். 2005-ல் பள்ளிகளிலும் 2006-ல் ஓட்டுநர் உரிமத்துக்கும் அங்கே இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 2001-ல் 21 சதவீத நோயாளிகளுக்குத்தான் அருகில் இருந்தவர்கள் சி.பி.ஆர். செய்தார்கள். 2010-ல் அது 45 சதவீதம். 30 நாள் கடந்து உயிரோடு இருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 ஆனார்கள். மருத்துவமனைச் சிகிச்சை மேம்பட்டதற்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் மருத்துவமனைக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தால்தானே சிகிச்சை? நாமும் எல்.எல்.ஆர். எடுக்கும்போது எட்டுப் போடக் கற்கிறோம். அதோடு அரை மணி நேரம் இதையும் சேர்ப்பதில் என்ன கஷ்டம் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. வீடியோ பார்த்து ஆழம் பழக முடியாது. நல்ல உயிருள்ள ஆளை அமுக்கிப் பழகவும் கூடாது. பொம்மை வேண்டும், போதிய ஆழம் போனால் 'க்ளிக்' என்று சத்தம் வருகிற பொம்மையாக இருந்தால் இன்னும் நல்லது. பல முகாம்களில் ஆளுக்குப் பத்து அமுக்கு கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதை ஏற்காதீர்கள். முழுசாக இரண்டு நிமிடம், தரையில் முட்டி போட்டு, நிறுத்தாமல் செய்ய விடுங்கள் என்று கேளுங்கள். ஒன்றரை நிமிடத்தில் தோள் எரியும். அதற்குப் பிறகும் க்ளிக் சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.