மந்திரவாதியை முதலில் சாலை போட அனுப்புங்கள்

தமிழில் ஃபேண்டஸி எழுத வருகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். மனசு நிறைந்த சந்தோஷம். ஆனால் கதைக்குள் போர் வந்துவிட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே காட்சியைத்தான் எழுதுகிறார்கள். மந்திரவாதி கையை உயர்த்துவார், விடிவதற்குள் மலைமேல் கோட்டை நிற்கும். கிருஷ்ணகிரிக்காரனான எனக்கு இது ஒப்பவே இல்லை.

எங்கள் பக்கம் மலையே பாதிக் கோட்டை. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கும்பெனிப் படை, திப்பு சுல்தானிடம் இருந்த கிருஷ்ணகிரியின் கீழ்க்கோட்டைக்குள் புகுந்தது. மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிப்போனது. பாறையும் செங்குத்துச் சரிவும் செய்துகொடுத்த வேலை அது. அங்கே போய் மந்திரத்தால் இன்னொரு சுவர் எழுப்பி என்ன ஆகப்போகிறது? மேலே இருப்பவனுக்குத் தேவை சுனையில் தண்ணீரும் களஞ்சியத்தில் தானியமும்தான்.

அதே வருஷம் மே மாதம் நடந்ததைப் பாருங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் அரகெரேயில் திப்புவின் படையை கும்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வென்றார். வென்ற கையோடு என்ன செய்தார் தெரியுமா? முற்றுகைக்காக இழுத்து வந்த பெரிய பீரங்கிகளைத் தன் ஆட்களை வைத்தே அழித்துவிட்டு பெங்களூருக்குத் திரும்பினார். மழை, பசி, கூட்டம் கூட்டமாகச் செத்துவிழுந்த மாடுகள். பீரங்கி இருந்தது, இழுக்க மாடில்லை. பிறகு ஜூலையில் எங்கள் பக்கத்து ராயக்கோட்டை கும்பெனியின் கைக்கு வந்தது, கீழேயிருந்து தானியம் மைசூர் மேட்டுக்கு ஏற கணவாய் திறந்தது. ஊர் ஊராகச் சுற்றி வியாபாரம் செய்த பஞ்சாராக்கள் பொதிமாடுகளில் தானியம் கொண்டுவந்தார்கள். 1792 பிப்ரவரியில் அதே படை மறுபடியும் ஸ்ரீரங்கப்பட்டணத்து மதிலுக்கு வெளியே நின்றது. போரைத் தீர்மானித்ததில் ராயக்கோட்டைக் கணவாய்க்கு எவ்வளவு பங்கு என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எனக்கு அதில் தீராத வருத்தம்.

இப்போது அந்தப் படையில் ஒரே ஒரு மந்திரவாதி இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அவனை எங்கே நிறுத்துவீர்கள்? நான் என்றால் நெருப்பு வீசச் சொல்ல மாட்டேன். சேறான பாதையை இறுகவைக்கச் சொல்வேன். மாட்டுக்கு வந்த நோயை நிறுத்தச் சொல்வேன். சுண்ணாம்புக் காரை இறுகப் பல நாள் பிடிக்குமே, அதை ஓர் இரவில் இறுக்கிப் பாலம் கட்டச் சொல்வேன். தகடூர், அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமானுக்காகத் தூது போன ஔவையார் புறநானூறு 95இல் இதைத்தானே காட்டினார்? எதிரி மன்னன் தொண்டைமானின் ஆயுதங்கள் மாலை சூடி, நெய் பூசி, காவலுக்குள் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. உண்மையாகவே போர் செய்கிறவனைப் பட்டறையில்தான் கண்டுபிடிக்க முடியும் என்று தருமபுரி மண்ணின் பாட்டே சொல்கிறது.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட முக்கியமானது. அந்த மந்திரவாதி எங்கிருந்து வந்தான்? போருக்கு முன்னால் அவன் ஏதோ ஒரு கிராமத்தில் மழையைக் கூப்பிட்டு ஏரியை நிரப்பிக்கொண்டு இருந்திருப்பான். ராஜா அவனைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போனால் அந்த ஏரி என்ன ஆகும்? வானம் பார்த்த பூமியில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும். அவன் போட்ட சாலையில் படை போகிறது, பின்னால் அவன் ஊரில் ராகி கருகுகிறது. எழுத வேண்டிய கதை அங்கே இருக்கிறது, அதை விட்டுவிட்டு நீலத் தீப்பந்து வீசிக்கொண்டிருக்கிறோம்.

மந்திரவாதி செத்தால் அவன் கட்டிய பாலம் நிற்குமா, விழுமா? விழும் என்று வைத்தால் எதிரி பாலத்தைத் தொடவே மாட்டான். ஆளைத்தான் தேடுவான். அப்போது உங்கள் போரின் வடிவமே மாறிவிடும். இந்த விதியை முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்துகொண்டு எழுதுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

போர் முடிந்த பிறகும் எழுதுங்கள். 1792 உடன்படிக்கையில் பாராமகால், அதாவது எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம், கும்பெனிக்குப் போனது. கும்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கே நிலத்தை அளந்து, குடியானவனிடம் நேராக வரி போடும் முறையைப் பழகினார்கள். உங்கள் கதையில் ஜெயித்த ராஜாவின் அதிகாரியும் இப்படித்தான் வந்து நிற்பான். படைக்காக மந்திரத்தால் வெட்டிய குளம் ஒன்று ஊர் எல்லையில் இருக்கும். அதில் பாயும் வயலை நஞ்சை என்று எழுதுவானா, புஞ்சை என்று எழுதுவானா? அதை யாராவது எழுதுங்கள், முதல் ஆளாக வாங்கிப் படிக்கிறேன்.