அடுத்த பாகம் ஏன் சப்பென்று போகிறது?

அறிவியல் புனைவுப் படத்தின் அடுத்த பாகம் சொதப்பினால் எல்லோரும் முதலில் கிராபிக்ஸைத்தான் திட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் குற்றம் திரைக்கதையில் இருக்கிறது. முதல் படம் தனக்கென்று ஒரு விதி போட்டு, அதற்குள் நின்று ஆடியிருக்கும். அடுத்த படம் அந்த விதியைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் தொடங்கும்.

டெர்மினேட்டர் வரிசையைப் பாருங்கள். 1991-ல் வந்த இரண்டாம் பாகத்து வில்லன் திரவ உலோகம். அவனால் எது முடியாது என்பதைப் படம் வசனத்திலேயே சொல்லிவிடும். தொட்ட பொருளாக மாறலாம், ஆனால் அது அவன் அளவே இருக்க வேண்டும். துப்பாக்கி, வெடிகுண்டு போல அசையும் பாகமும் ரசாயனமும் கொண்டதாக ஆக முடியாது. கத்தி போலக் குத்துகிற வடிவங்கள் சாத்தியம். இது காதில் விழுந்த பிறகு, போலீஸ்காரர் உருவில் அவன் சும்மா நடந்து வந்தாலே நமக்குப் பதறும். 2003-ல் வந்த மூன்றாம் பாகத்து வில்லிக்கோ கைக்குள்ளேயே பீரங்கி, போதாததற்கு மற்ற வண்டிகளையும் இயந்திரங்களையும் தன் இஷ்டத்துக்கு ஓட்டுவாள். எல்லாமே முடியும் என்றானதும் அடுத்து என்ன நடக்கும் என்று யோசிக்க நமக்கு வேலையே இல்லை. பயம் அங்கேயே செத்துவிடுகிறது.

அதைவிடக் கொடுமை, முந்தைய பாகத்தின் வெற்றியைச் செல்லாக்காசாக்குவது. 1997 ஆகஸ்ட் 29-ல் நடக்கவிருந்த அணு அழிவைத் தடுக்கத்தான் இரண்டாம் பாகம் முழுக்க அத்தனை போராட்டம். மூன்றாம் பாகம் வந்து, அது தள்ளித்தான் போனது என்கிறது. அதே வரிசையில் 2019-ல் வந்த டார்க் ஃபேட், யாரைக் காப்பாற்ற இவ்வளவும் நடந்ததோ அந்த ஜான் கானரையே தொடக்கத்தில் கொன்றுவிடுகிறது. ஏலியன் வரிசையிலும் இதே கதைதான். நாயகி ரிப்ளி இரண்டாம் பாகத்தில் உயிரைப் பணயம் வைத்து மீட்ட சிறுமி, 1992-ல் வந்த மூன்றாம் பாகம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பிணம். அதன் பிறகு யாருக்காகப் பதறுவது? இன்னொரு பாகம் வந்தால் இதையும் அழித்துவிடுவார்கள் என்றுதான் மனசு சொல்லும்.

பிரம்மாண்டத்துக்கும் கணக்கு உண்டு. உருவம் எத்தனை மடங்கு உயரமோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு அசைவு நிதானமாகத் தெரிய வேண்டும். மினியேச்சர் வைத்துப் படமெடுத்தவர்கள் அதனால்தான் 25-ல் ஒரு பங்கு மாடலை நொடிக்கு 24 ஃப்ரேமுக்குப் பதிலாக, 25-ன் வர்க்கமூலமான ஐந்து மடங்காக 120 ஃப்ரேமில் பிடித்து, வழக்கமான வேகத்தில் ஓட்டினார்கள். பசிபிக் ரிம் (2013) படத்தின் ராட்சத இயந்திரங்கள் இரவிலும் மழையிலும் மெதுவாகக் கை ஓங்கும்போது அந்த எடை நம் நெஞ்சில் இறங்கியது. 2018-ல் வந்த அடுத்த பாகத்தில் அதே இயந்திரங்கள் பட்டப்பகலில் ஓடித் தாவுகின்றன. கிராபிக்ஸ் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கண் அதைப் பொம்மை என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

எண்ணிக்கையைக் கூட்டினாலே படம் கெடும் என்று சொல்ல வரவில்லை. முதல் ஏலியனில் ஒரே ஒரு ஜந்துதான். 1986-ல் வந்த இரண்டாம் பாகத்தில் கூட்டம் கூட்டமாக வருகின்றன, படமும் பிரமாதமாக நிற்கிறது. முட்டையிடுவது எது என்று முதல் படம் சொல்லாமல் விட்ட கேள்வியை அது கையில் எடுத்துக்கொண்டது. கூடவே ஒரு காரியம் செய்தது: ராணுவ வீரர்களுக்கு ஆயுதத்தை அள்ளிக் கொடுத்துவிட்டு, அந்த ஜந்துக்களின் கூட்டுக்குள் நுழைகிற நேரம் பார்த்து, தலைக்கு மேலே அணு உலையின் குளிரூட்டும் அமைப்பு இருக்கிறது, சுடக் கூடாது என்று தோட்டாக்களைத் திருப்பி வாங்கிக்கொண்டது.