என் வீட்டில் இனிமேல் சாம் கேன் ரெட் கார்டு பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது

பெரியவர் பேச ஆரம்பித்து நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதற்குள் வாயை அடைத்துவிட்டார்கள்.

இப்போது ராத்திரி ஒன்றரை மணி. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. மனைவியும் பிள்ளையும் தூங்கியாயிற்று. எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை, வயிறு எரிகிறது. யாரிடமாவது கொட்டியே ஆக வேண்டும். ரக்பி ரசிகர்களோடு ஒரே ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தாலும் போதும், நான் சொல்வது உங்களுக்குப் புரியும். எங்கே தொடங்கினாலும், எதைப் பற்றிப் பேசினாலும், கடைசியில் 2023 அக்டோபர் 28, பாரிஸ், உலகக் கோப்பை ஃபைனல், நியூசிலாந்து கேப்டன் சாம் கேன், ரெட் கார்டு. அங்கே வந்துதான் வண்டி நிற்கும்.

பையனுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். கேக் வெட்டியாயிற்று, வடை, கேசரி எல்லாம் பரிமாறியாயிற்று. கூட வேலை பார்க்கும் தென்னாப்பிரிக்க டர்பன்காரர் தன் மாமனாரை அழைத்து வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். 1860-லிருந்து மெட்ராஸ் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் வம்சம், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் வீடு. தமிழ் அவ்வளவாக வராது. "தம்பி" வரும், "தண்ணி" வரும், தேவாரத்தில் நாலு வரி சுத்தமாக வரும். மற்றதெல்லாம் இங்கிலீஷ்தான். மத்தியானமே என்னைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆக்லாந்தின் ஈடன் பார்க் ரக்பி மைதானம் வரைக்கும் நடந்தார். என் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். பூட்டிய கேட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "1981-ல் எங்களுக்காக இந்த ஊர் ஜனங்கள் போலீஸ்காரனிடம் அடி வாங்கினது இங்கேதானே?" என்று கேட்டார். இங்கேதான். தென்னாப்பிரிக்க டீம் வரக் கூடாது என்று சுற்றியுள்ள தெருவெல்லாம் ஆர்ப்பாட்டம், முள்வேலி, தடியடி. ஒரு குட்டி விமானம் தாழப் பறந்து மைதானத்தின் மேல் மாவுப் பொட்டலம் போட்டது. அப்படியும் மேட்சை நிறுத்தவில்லை. அந்தத் தெருக்களில்தான் நான் தினமும் நடக்கிறேன், எத்தனையோ வருஷமாக. அந்தக் கேட்டில் கை வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

சாயங்காலம் பையன் போய் அவரிடம் கேட்டான், "தாத்தா, நீங்க எந்த டீம்?" ரிப்பா ரக்பி என்ற சின்னப் பிள்ளைகள் ரக்பி விளையாடுகிற பிள்ளை, பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைக் கேட்பான். பெரியவர் வடைத் தட்டை முழங்காலில் வைத்தார். ஆரம்பித்தார்.

1976. அவருக்கு இருபத்தோரு வயது. ஜூன் 16 அன்று சோவெட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுட்டார்கள். அதே மாதமே நியூசிலாந்தின் கறுப்பு ஜெர்சி டீமான ஆல் பிளாக்ஸ் தென்னாப்பிரிக்காவுக்கு ரக்பி ஆடப் போனார்கள். அதைக் கண்டித்துத்தான் ஆப்பிரிக்க நாடுகள் மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸையே வேண்டாம் என்று விட்டன. முதல் டெஸ்ட் ஜூலை 24, டர்பன், கிங்ஸ் பார்க். வெள்ளைக்காரர் அல்லாதவர்களுக்கு ஒரு மூலையில் தனி இடம், நடுவில் கம்பி வேலி. "வேலியை இப்படிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்று வலது கையின் நாலு விரலையும் காற்றில் கொக்கி மாதிரி மடக்கிக் காட்டினார். "என் நாட்டு டீம் ஜெயிக்கக் கூடாதுன்னு சாமி கும்பிட்டேன். கறுப்பு ஜெர்சி பந்தைத் தொட்டா நாங்க அத்தனை பேரும் கத்துவோம். வேலிக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஆரஞ்சுப் பழம் வந்து மண்டையில விழும்." அன்றைக்கு தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்பாக்ஸ் டீம் 16-7 என்று ஜெயித்துவிட்டது. எட்டு மைல் நடந்தே வீட்டுக்குப் போனாராம்.

பையன் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறான். நானும்தான். "அப்புறம் 1995 வந்தது" என்றார் பெரியவர். "உலகக் கோப்பை ஃபைனலுக்கு மண்டேலா ஸ்பிரிங்பாக்ஸ் பச்சைச் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தார். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. அன்னைக்கு நான்..."

அந்த "நான்"-இல்தான் உள்ளே நுழைந்தான் கறுப்பு ஜெர்சி, அதாவது ஆல் பிளாக்ஸ் ஜெர்சி போட்டு வந்திருந்த விருந்தாளி.

"95-ஆ? எங்க டீம் சாப்பாட்டில் விஷம் வெச்சாங்களே, அந்த ஃபைனலா? சரி, அதையாவது விடலாம். 2023-ல் அந்த ரெட் கார்டு மட்டும் இல்லேன்னா..."

அவ்வளவுதான், போச்சு.

தென்னாப்பிரிக்க ரசிகனான பச்சை ஜெர்சி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் ஜெசி க்ரீல் தலையில் கேன் தோள் எப்படி இடித்தது என்று என் பையனின் பலூனை வைத்துச் செய்து காட்டினான். பலூன் வெடித்தது. கறுப்பு ஜெர்சி விடுவானா? "அப்போ உங்க கேப்டன் கோலிசி எங்க ஆர்டி சவியா தலையில் இடிச்சது என்ன? அதுக்கு மட்டும் எப்படி வெறும் மஞ்சள்?" இவன் குனிந்து காட்டினான், அவன் நிமிர்ந்து காட்டினான். ரெண்டு பேரும் ஹாலின் நடுவில் தோளும் தலையும் எத்தனை டிகிரி என்று அளக்கிறார்கள். மேஜையிலிருந்த கேசரிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுவிட்டு, குனிந்து எடுக்கக்கூட இல்லை. அடுத்து நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துப் போட்ட ட்ரை. அதை டிஎம்ஓ என்ற வீடியோ நடுவர் எதற்கு ரத்து பண்ணினான், லைன் அவுட்டில், வெளியிலிருந்து பந்தை உள்ளே எறியும்போது, பந்து கையிலிருந்து முன்னால் நழுவியதைத் தோண்டி எடுக்க அத்தனை தூரம் பின்னால் போகலாமா, விதி என்ன சொல்கிறது? ஃபோனை எடுத்தான், வீடியோ. நிறுத்தினான், மறுபடியும் வீடியோ. அப்புறம் மவுங்கா தவறவிட்ட கன்வெர்ஷன், ஜோர்டி பாரெட் கடைசியில் அடித்து வெளியே போன பெனால்டி, தென்னாப்பிரிக்கா பிரான்ஸை 29-28, இங்கிலாந்தை 16-15, ஃபைனலில் 12-11 என்று மூன்று நாக் அவுட்டையும் ஒற்றைப் புள்ளியில் ஜெயித்தது அதிர்ஷ்டமா திறமையா? பச்சை ஜெர்சி நாலு விரலைத் தூக்கி மூஞ்சிக்கு நேரே ஆட்டினான். 1995, 2007, 2019, 2023, நாலு கோப்பை, உன்னிடம் மூன்று, முடிந்தது பேச்சு. முடியவில்லை. முக்கால் மணி நேரம் ஓடியது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழு பத்துக்கு ஆரம்பித்தது ஏழு ஐம்பத்தைந்துக்கும் ஓயவில்லை.

பெரியவரின் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி வேலியைப் பிடித்த அந்த விரல்கள் கொஞ்ச நேரம் மடங்கியபடியே காற்றில் நின்றன. அப்புறம் மெதுவாக இறக்கினார். தட்டை எடுத்தார். ஆறிப்போன வடையைப் பிய்த்துத் தின்றார்.

இவ்வளவு கத்துகிறார்களே, ரக்பி பார்க்கிறார்களா என்றால் அதுவும் கிடையாது! 2025 செப்டம்பரில் வெலிங்டனில் தென்னாப்பிரிக்கா 43-10 என்று நியூசிலாந்தைத் துவைத்து எடுத்தது. ஆல் பிளாக்ஸ் வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய தோல்வி கிடையாது. இடைவேளையில் 10-7 என்று முன்னால் இருந்த டீம், ரெண்டாம் பாதியில் ஒரு புள்ளி எடுக்கவில்லை. எதிராளி 36 எடுத்தான். ஏன் அப்படி இடிந்து விழுந்தது, பெஞ்சிலிருந்து இறங்கிய தடியர்கள் ஸ்க்ரமில் என்ன செய்தார்கள், மேலே தூக்கி அடித்த பந்தை நம்மவர்கள் ஏன் பிடிக்கத் திணறினார்கள், பேச எவ்வளவு இருக்கிறது! மறுநாள் கறுப்பு ஜெர்சியிடம் ஆசையாகப் போய்க் கேட்டேன். "போன வாரம் ஈடன் பார்க்கில் 24-17 ஜெயிச்சோமே, 1994-க்கு அப்புறம் அங்கே நாங்க தோத்ததே இல்லையே" என்றான். அடுத்த மூச்சில் ரெட் கார்டு. பச்சை ஜெர்சியிடம் போனேன். அவன் என்ன ஆடினோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. 43, 43, 43 என்று மந்திரம் மாதிரி அதையே சொன்னான். அதற்கு ஒரு மாதம் முன்னால் ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் 22-0 என்று முன்னால் இருந்துவிட்டு, ஆஸ்திரேலியாவிடம் 38 புள்ளி வரிசையாக வாங்கித் தோற்றதை நினைவுபடுத்தினேன். காது கேட்காதவன் மாதிரி எழுந்து போய்விட்டான்.

எங்கள் ஆபீஸ் ஆஸ்திரேலியாக்காரன் ஒருத்தன் இருக்கிறான். 1963-க்கு அப்புறம் எல்லிஸ் பார்க்கில் அவர்கள் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அவனாவது அதைப் பேசுவான் என்று பார்த்தால், 1991, 1999 என்று பழைய கோப்பைகளின் தூசியைத் தட்டிக்கொண்டிருக்கிறான். ரெண்டு நாடும் மோதும் பிளெடிஸ்லோ கோப்பை 2003-லிருந்து நியூசிலாந்தை விட்டு நகரவில்லை. 2023 உலகக் கோப்பையில் முதல் முறையாக க்ரூப்பிலேயே வெளியே போனார்கள். 1954-க்கு அப்புறம் பிஜி அவர்களைத் தோற்கடித்தது அங்கேதான். பிஜி அன்றைக்கு எப்படி ஆடியது என்று கேட்டால், "எங்க கோச் சரியில்லை". பிஜி ஜெயிக்கவில்லையாம், இவர்கள் கோச்தான் தோற்றாராம்!

அர்ஜென்டினாவுக்கு நடப்பது இதைவிட அநியாயம். 2020-ல் சிட்னியில் ஆல் பிளாக்ஸை முதல் தடவையாக ஜெயித்தார்கள், நிக்கோலாஸ் சாஞ்சேஸ் ஒருத்தரே 25 புள்ளி. அதிர்ச்சி என்றார்கள். 2022-ல் கிரைஸ்ட்சர்ச், இந்த மண்ணிலேயே ஜெயித்தார்கள், அதிர்ச்சி. 2024 வெலிங்டன், அதிர்ச்சி. 2025 புவெனஸ் ஐரிஸ், மறுபடியும் அதிர்ச்சி! ஐந்து வருஷத்தில் நாலு தடவை தோற்றுவிட்டு இன்னும் என்னய்யா அதிர்ச்சி? அவன் உன்னைவிட நன்றாக ஆடினான் என்று சொல்ல நாக்கு வராதா?

எனக்கும் ஆல் பிளாக்ஸ்தான் உயிர். பாரிஸில் அந்தக் கடைசி பெனால்டி வெளியே போனபோது, இங்கே ஞாயிறு காலையில், சோபா முனையில் உட்கார்ந்து அழுதவன் நான். ஐம்பது நிமிஷத்துக்கு மேல் பதினாலு பேராக ஆடி ஒரு புள்ளியில் தோற்ற டீம் அது. பியேட்டர்-ஸ்டெஃப் டு டோய் அன்றைக்கு 28 டேக்கிள் போட்டார், இருபத்தெட்டு! எதிரி டீம்தான், ஆனாலும் அந்த மனிதனைப் பார்த்து எனக்கு மெய் சிலிர்த்தது. ரெண்டு தரப்பும் உயிரைக் கொடுத்து ஆடிய மேட்சை ஒரே ஒரு கார்டாகச் சுருக்கி, பீடா மெல்கிற மாதிரி மென்றுகொண்டிருக்கிறார்களே, அதுதான் தாங்க முடியவில்லை.

இந்தக் கறுப்பு ஜெர்சி என்ன ஜெர்சி என்று பெரியவருக்குத் தெரியும். 1960-ல் தென்னாப்பிரிக்கா கேட்டதற்காக நியூசிலாந்துப் பூர்வகுடியான மாவோரி ஆட்டக்காரர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த ஜெர்சி. 1970-ல் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தபோது "கௌரவ வெள்ளையர்" என்று பட்டம் வாங்கிக்கொண்ட ஜெர்சி. அதெல்லாம் தெரிந்தும், சமோவா வம்சத்து ப்ரையன் வில்லியம்ஸ் ஓடுவதைப் பார்த்து நம்மைப் போல ஒருவன் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் மயங்கினார்கள். இருபத்தோரு வயதுப் பையன் வேலியைப் பிடித்துக்கொண்டு தன் நாட்டுக்கு எதிராகக் கத்தியதும் அந்த ஜெர்சிக்காகத்தான். 1995 ஜூன் 24, எல்லிஸ் பார்க், தென்னாப்பிரிக்கா ஜெயித்த 15-12, ஸ்ட்ரான்ஸ்கியின் டிராப் கோல், மண்டேலா முதுகில் 6-ஆம் நம்பர். இதெல்லாம் எனக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டுக்குள், கிங்ஸ் பார்க்கில் ஆரஞ்சுப் பழத்தால் அடி வாங்கிய ஒரு மனிதர் எந்த டீமுக்குக் கை தட்டினார்? அதைச் சொல்ல வந்தவரைத்தான் நிறுத்திவிட்டார்கள்.

எட்டரைக்கு மாப்பிள்ளை காரை எடுத்தார். ஷூ மாட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் போய், "ஐயா, 95-ல் என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். "அது பெரிய கதை தம்பி, இன்னொரு நாள்" என்றார். செவ்வாய்க்கிழமை விடிகாலை அவருக்கு ஃப்ளைட். ஹாலில் அப்போதும் கோலிசி தலை, கேன் தோள். படுக்கும்போது பையன் கேட்டான், "அப்பா, தாத்தா அப்புறம் என்ன பண்ணார்?" என்னிடம் பதில் இல்லை.

நாளைக்கு அவர்கள் வீட்டுக்கே போய் உட்காரப்போகிறேன், பையனையும் கூட்டிக்கொண்டு. கதை முழுசாக முடிகிற வரைக்கும் எழுந்திருக்கப் போவதில்லை.

இன்னொன்று. ஈடன் பார்க்கில் மேட்ச் நடக்கும் ராத்திரியெல்லாம் என் வீட்டுக் கார் வழியை அடைத்துக்கொண்டு வண்டியை நிறுத்துவது இந்தக் கறுப்பு ஜெர்சிதான். மூணு தடவை கெஞ்சிவிட்டேன். போன தடவை பையனுக்கு 103 டிகிரி காய்ச்சல், மருந்து வாங்கப் போகக்கூட வண்டியை வெளியே எடுக்க முடியவில்லை. ஃபோன் அடித்தால், "ஹாஃப் டைமில் வந்து எடுக்கறேன்" என்றான். அடுத்த மேட்சுக்கு அந்த வண்டி என் வாசலில் நின்றால் இழுத்துக்கொண்டு போகச் சொல்லி ஃபோன் போட்டுவிடுவேன். டிஎம்ஓ எல்லாம் பார்க்க மாட்டேன்.